சேந்தமங்கலத்துச் சிறை

(தியாகதுருகத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இடைக்கால இங்கிலாந்தில் அரியணைக்காக நடந்த போட்டிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன். ஆனால் லண்டனிலிருந்து தொடங்கப் போவதில்லை. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கும் சேந்தமங்கலத்திலிருந்து தொடங்குகிறேன். கி.பி. 1231-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சோழப் பேரரசர் அந்த ஊரில் சிறையில் இருந்தார். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்த மன்னரின் பெயரையே தாங்கிய மூன்றாம் இராசராசன் அவர். அவரைப் பிடித்து அடைத்தவர் கடல் கடந்து வந்த பகைவர் அல்லர். சோழருக்கு அடங்கிய குறுநில மன்னராக இருந்த காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன்தான் அவரைச் சிறை வைத்தார்.

இதற்கு 33 ஆண்டுகள் கழித்து, 1264-ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் தென்பகுதியில் லூயிஸ் என்ற ஊரில் நடந்த போரில் அந்நாட்டு அரசர் மூன்றாம் ஹென்றி பிடிபட்டார். பிடித்தவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட். அவரும் அந்நியர் போலப் படையெடுத்து வந்தவர் அல்லர். அரசருக்குக் கீழே பெருநிலம் ஆண்ட பிரபு. அரசரின் தங்கையை மணந்தவர்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஹென்றி முடிசூடியது 1216-இல். மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டுகளும் 1216-இலிருந்தே எண்ணப்படுகின்றன. ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு ஆட்சிகள். இரண்டு அரசர்களும் தம்மைக் காக்க வேண்டியவர்களாலேயே சிறைப்பட்டார்கள். அங்கே அந்தச் சிறையை ஒட்டி நாடாளுமன்றம் என்ற அமைப்பு வேர் பிடித்தது. இங்கே அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் சோழப் பேரரசு என்ற ஒன்றே இல்லாமல் போனது. ஏன் இப்படி ஆனது? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முடி கைமாறும் முறை

அரியணைப் போட்டி எந்த நாட்டிலும் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. ஒருவர் மறைந்த பின் அடுத்தவர் யார் என்பது முன்கூட்டியே முடிவாகவில்லை என்றால் வாள் முடிவு செய்யும். சோழர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். சோழ இளவரசர் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். கொலையில் தொடர்புடையவர்களின் நிலங்களைக் கைப்பற்றியதைக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கொலைக்குப் பின் உத்தம சோழர் ஆண்டு முடித்து, 985-இல் முதலாம் இராசராசன் பட்டத்துக்கு வந்தார். அவரைப் பெற்ற வானவன் மாதேவி நம் திருக்கோவலூர் மலையமான் குடியில் பிறந்தவர்; திருக்கோவலூர் வீரட்டானக் கோயில் கல்வெட்டு அதைச் சொல்கிறது.

அந்த இராசராசன் ஒரு வழி செய்தார். தாம் உயிரோடு இருக்கும்போதே, 1012-இல், மகன் இராசேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சியில் பங்கு கொடுத்தார். இராசேந்திரன் ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1018-இல், தம் மகன் இராசாதிராசனுக்கு அதே போலப் பட்டம் கட்டினார். தந்தையும் மகனும் ஒரே காலத்தில் ஆண்டார்கள். அரசர் மறைந்த அன்று நாட்டில் குழப்பம் இல்லை; அடுத்தவர் ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்தார். சோழர் கடல் கடந்து வென்ற அந்த நூற்றாண்டுக்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இதே வழியை இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி முயன்று பார்த்தார். 1170-இல் மூத்த மகனுக்கு முடி சூட்டினார். முடியைக் கொடுத்தாரே தவிர அதிகாரத்தையும் வருவாயையும் கொடுக்கவில்லை. மூன்றே ஆண்டில் அந்த மகன் தம்பிமாரையும் தாயையும் சேர்த்துக்கொண்டு தந்தைக்கு எதிராகக் கிளம்பினார். ஆட்சியில் பங்கு இல்லாமல் முடி மட்டும் கொடுத்தால் அது கலகத்தில் முடியும் என்பதற்கு அந்தக் குடும்பமே சான்று.

சோழரின் ஒழுங்கும் என்றைக்கும் நிலைக்கவில்லை. 1070-இல் பட்டத்துக்கு வந்த அதிராசேந்திரன் சில வாரங்களிலேயே குழப்பத்தில் மறைந்தார். வேங்கி நாட்டிலிருந்து, சோழர் மகள் வயிற்றுப் பேரன் முதலாம் குலோத்துங்கனாக வந்து அமர்ந்தார். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் மறைந்தபோது அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும்தான். பெண் வழிப் பேரன் ஒருவரைத் தேர்ந்து இரண்டாம் இராசாதிராசனாகப் பட்டம் கட்டி, கைக்குழந்தைகளையும் பாதுகாத்தார் பல்லவராயர் என்ற அமைச்சர். பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் இதைப் படிக்கலாம். அங்கே ஓர் அமைச்சரின் நேர்மைதான் அரசைக் காப்பாற்றியது. அந்த நேர்மை மட்டும் தவறியிருந்தால் சோழ வரலாறு அன்றே வேறு திசையில் திரும்பியிருக்கும். ஒரு மனிதரின் நல்ல குணத்தை நம்பி ஒரு நாடு நிற்பது ஆபத்தான நிலை.

மதுரையும் தஞ்சையும்

அதே காலத்தில் மதுரையில் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் அரியணைக்காக மோதினார்கள். பராக்கிரமன் ஈழத்து மன்னர் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டார். உதவிப் படை வந்து சேர்வதற்குள் அவர் கொல்லப்பட்டார். வந்த படையோ திரும்பவில்லை. இலங்காபுரன் என்ற படைத்தலைவன் பாண்டிய நாட்டை ஊர் ஊராக வென்றான். குலசேகரன் சோழரிடம் ஓடிவந்தார். சோழர் படை அனுப்பி இலங்காபுரன் முதலானோரை வீழ்த்தி, அவர்கள் தலையை மதுரைக் கோட்டை வாயிலில் அறைந்தார்கள். அதன் பிறகு குலசேகரன் ஈழத்தோடு சேர்ந்துகொள்ள, சோழர் எதிர்ப் பக்கத்தைத் தாங்கினார்கள். அரியணைச் சண்டை ஒன்று, மூன்று நாட்டுப் போராக ஆகிவிட்டது.

இந்தப் பகை தலைமுறை தாண்டியும் ஆறவில்லை. மூன்றாம் குலோத்துங்கச் சோழன் மதுரையில் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தார். அந்த அவமானத்தைக் கண்டு வளர்ந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் 1216-இல் பட்டம் ஏறியதும் சோழ நாட்டின் மேல் பாய்ந்தார். தஞ்சையையும் உறையூரையும் எரித்தார். இடித்த இடங்களைக் கழுதை பூட்டி உழுதார். பழைய கரிகாலன் ஒரு புலவருக்குக் கொடுத்த பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. பிறகு சோழரைப் பொன்னமராவதிக்கு வரவழைத்து முடியைத் திருப்பிக் கொடுத்தார். பகைவன் கையால் முடியை வாங்கிச் சூடிய நாளில்தான் மூன்றாம் இராசராசனின் காலம் தொடங்குகிறது. அந்த முடிக்கு இனி யார் அஞ்சுவார்?

காவல் காத்தவர்கள் கோன் ஆனார்கள்

சோழர் வீழ்ச்சிக்குப் பாண்டியர் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மறு பாதி நம் வட்டாரத்தில் இருக்கிறது. பெண்ணையாற்றையும் கெடிலத்தையும் சுற்றியுள்ள இந்த நடுநாடு அன்று குறுநில மன்னர்களின் நாடு. கிளியூரில் மலையமான்கள். ஆறகழூரைத் தலைநகராக வைத்து மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்கள். வடக்கே செங்கேணிச் சம்புவராயர்கள். கூடலூரிலும் சேந்தமங்கலத்திலும் காடவர்கள்.

இவர்கள் எப்படி வளர்ந்தார்கள்? பாடிகாவல் என்ற உரிமையால் வளர்ந்தார்கள். ஊரைத் திருட்டிலிருந்தும் கலகத்திலிருந்தும் காக்கும் பொறுப்பு அது. அந்தக் காவலுக்கு ஊரார் நெல்லும் பணமும் கொடுக்க வேண்டும். அரசர் தொலைவில் இருந்தார். காவல்காரர் பக்கத்தில் இருந்தார். நாளடைவில் அரசருக்குப் போக வேண்டிய வரியும் காவல்காரர் கையில் நின்றது. படையும் அவரிடம், பணமும் அவரிடம். மெய்க்கீர்த்தியும் ஆட்சியாண்டும் மட்டும் சோழர் பெயரில் ஓடின.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலும் அதற்குப் பின்னும் இந்தக் குறுநில மன்னர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு அதைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். நிலைமைத் தீட்டு என்று அதற்குப் பெயர். இன்னாருக்குப் பகைவர் எனக்கும் பகைவர், இன்னாரை விட்டு வேறு யாரோடும் சேர மாட்டேன், படை வேண்டும்போது படையோடு வருவேன் என்ற வகையில் அவை அமைந்தன. இந்தத் தீட்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்குப் போகும்போது இவை நமக்கு வேண்டும்.

1231: இரண்டு கல்வெட்டுகள், ஒரு சிறை

இப்போது சேந்தமங்கலத்துக்கு வருவோம். மூன்றாம் இராசராசன் மறுபடியும் பாண்டியரோடு மோதித் தோற்றார். தம்மோடு உறவு கொண்டிருந்த போசள மன்னர் இரண்டாம் நரசிம்மனின் உதவியை நாடி வடக்கே போனார். வழியில் வந்தவாசிக்குப் பக்கத்துத் தெள்ளாற்றில் கோப்பெருஞ்சிங்கன் மறித்தார். முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னர் நந்திவர்மன் வென்று புகழ்பெற்ற அதே தெள்ளாறு. காடவர்கள் தங்களைப் பல்லவர் வழியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள். பழைய குலப் புகழை அதே களத்தில் மீட்டுவிட்டதாகவே கோப்பெருஞ்சிங்கன் எண்ணியிருக்க வேண்டும். சோழனையும் அவர் அமைச்சர்களையும் சிறையிட்டு நாட்டைக் கைக்கொண்டதாக வயலூரில் கல்வெட்டும் வைத்தார்.

இது வென்றவர் சொல்லும் கதை. கடலூருக்குப் பக்கத்தில் திருவயிந்திரபுரம் கோயிலில் உள்ள கல்வெட்டு மறுபக்கத்தைச் சொல்கிறது. போசளப் படையின் கதை அது. கோப்பெருஞ்சிங்கன் சோழனைச் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, நாட்டை அழித்து, தேவாலயங்களையும் அழிக்கிறார் என்ற செய்தி துவாரசமுத்திரத்தில் இருந்த நரசிம்மனுக்கு எட்டியது. சோழ அரசை நிலைநிறுத்தாமல் ஓயமாட்டேன் என்று அவர் கிளம்பினார். வழியில் மகதை நாட்டை நிர்மூலமாக்கினார். மேற்கிலிருந்து வரும் படைக்கு நாம் இன்று இருக்கும் இந்த வட்டாரம்தான் வாசல் என்பதை மறக்க வேண்டாம். நரசிம்மன் பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை அனுப்பினார்.

அந்தப் படை போன பாதையைக் கல்வெட்டு ஊர் ஊராகச் சொல்கிறது. கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரியும் கல்லியூர்மூலையும் அழிந்தன. சோழகோன் என்ற தலைவன் இருந்த தொழுதகையூர் அழிந்தது. ஈழத்து மன்னன் என்று குறிக்கப்படும் வேறொரு பராக்கிரமபாகுவும் இன்னும் பலரும் கொல்லப்பட்டார்கள். படைத்தலைவர்கள் தில்லைப் பொன்னம்பலத்தில் வணங்கிவிட்டு, திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, திருவக்கரை வழியாகப் போனார்கள். பிறகு வாரணவாசி ஆற்றுக்குத் தெற்கிலும் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கிலும் உள்ள ஊர்களைச் சுட்டெரித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையடித்தார்கள். சேந்தமங்கலத்தையே தாக்க அணிவகுத்தபோது கோப்பெருஞ்சிங்கன் அஞ்சி, சோழனை விடுவிப்பதாக ஆள் அனுப்பினார். அரசர் மீண்டார். தண்டநாயகர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோழ நாட்டில் விட்டார்கள். நரசிம்மனுக்குச் சோழ ராச்சியப் பிரதிஷ்டாசாரியன் என்ற பட்டம் சேர்ந்தது.

நண்பர்களே, இந்தக் கல்வெட்டை நான் படிக்கும்போதெல்லாம் என் மனம் அரசரிடம் நிற்பதில்லை. எரிந்த ஊர்களிடம்தான் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சோழனைச் சிறை வைத்தார்களா? அவர்களை யாராவது கேட்டுவிட்டா கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றுக்குப் போனார்? ஒரு மனிதரை விடுவிக்க ஒரு நாட்டுப்புறமே எரிந்தது. எரித்தவர்கள் அதை மறைக்கவில்லை. பெருமையோடு கோயில் சுவரில் வெட்டினார்கள். பிடித்துச் செல்லப்பட்ட பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கல்லில் இல்லை. தண்டநாயகர்கள் பெயர் இருக்கிறது. கொல்லப்பட்ட தலைவர்களின் பெயர் இருக்கிறது. அரியணைப் போட்டியின் வரலாற்றை எழுதும் எவரும் முதலில் எழுத வேண்டியது இந்தப் பெயரில்லாத மக்களைப் பற்றித்தான்.

மீண்டு வந்த அரசர் மீளவில்லை. அடுத்தவர் படையால் அரியணை ஏறியவர் அடுத்தவர் தயவில்தான் இருக்க முடியும். போசளர்கள் சமயபுரத்துக் கண்ணனூரில் தலைநகரமே அமைத்துக்கொண்டார்கள். சேந்தமங்கலத்தில் 1243-இல் பட்டமேறிய கோப்பெருஞ்சிங்கன் தம் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கினார். இவர் சோழனைச் சிறையிட்டவரின் மகன் என்பது அறிஞர் பலரின் கருத்து. தில்லைக் கோபுரப் பணிகளில் இவர் பெயர் நிற்கிறது. பெரிய கலை அன்பர். வடக்கே ஆந்திரத்துத் திராட்சாராமம் வரை கல்வெட்டு வைத்தவர். அந்தப் பெருமையை நாம் மறுக்க வேண்டாம். ஆனால் சேந்தமங்கலமும் தப்பவில்லை. சடையவர்மன் சுந்தர பாண்டியன் வந்து அதை முற்றுகையிட்டு, யானைகளையும் செல்வத்தையும் கைப்பற்றி, பிறகு கோப்பெருஞ்சிங்கனுக்கே திருப்பிக் கொடுத்தார். 1279-ஐ ஒட்டி மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் பெயர் ஓய்ந்தது. அதே ஆண்டோடு காடவர் பெருமையும் ஓய்ந்தது.

தேம்ஸ் கரையில்

இனி இங்கிலாந்து. அங்கேயும் கதை நல்ல விதமாகத் தொடங்கவில்லை. 1135-இல் முதலாம் ஹென்றி ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார். மகள் மட்டில்டாவை ஏற்பதாகப் பிரபுக்கள் சத்தியம் செய்திருந்தார்கள். சத்தியம் காற்றில் போனது. உறவினர் ஸ்டீபன் முடியைப் பிடித்துக்கொண்டார். 1141-இல் லிங்கன் போரில் ஸ்டீபனே பிடிபட்டு, மட்டில்டாவின் படைத்தலைவரும் மணத்துக்கு வெளியே பிறந்த அண்ணனுமானவருக்கு மாற்றாக விடுவிக்கப்பட்டார். சண்டை 1153 வரை இழுத்தது. பிரபுக்கள் ஆளாளுக்குக் கோட்டை கட்டினார்கள். கட்ட வைக்கப்பட்டவர்கள் ஊர் மக்கள். அவர்கள் பட்ட சித்திரவதையைப் பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர் ஆண்டுக்குறிப்பில் எழுதி வைத்தார். நம் திருவயிந்திரபுரத்துக் கல்லில் விடுபட்டதை அந்த ஏட்டில் பார்க்கிறோம். துன்பப்பட்டவரின் பக்கம் நின்று எழுதிய ஒரு குரல் அங்கே இருந்தது.

1215-இல் ஜான் மன்னரைப் பிரபுக்கள் வளைத்தார்கள். அப்போது எழுந்ததுதான் மாக்னா கார்ட்டா. நம் குறுநில மன்னர்களின் தீட்டைப் போலவே அதுவும் பலம் கொண்டவர்களின் ஒப்பந்தம். ஏழை உழவருக்காக எழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. நம் தீட்டு குறுநில மன்னரைக் குறுநில மன்னரோடு கட்டியது. அந்தச் சாசனம் அரசரைக் கட்டியது. அரசர் வார்த்தை தவறினால் தட்டிக்கேட்க 25 பிரபுக்களை அது அமர்த்தியது. ஜான் அதைச் சில வாரங்களிலேயே உதறினார். உள்நாட்டுப் போர் வெடித்தது. பிரெஞ்சு இளவரசர் லூயி வந்து இறங்கினார். 1216 அக்டோபரில் ஜான் மறைந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஹென்றி முடிசூடினான். சிறுவனைக் காத்தவர்கள் போரில் வெல்வதற்காகவே அந்தச் சாசனத்தை மறுபடி வெளியிட்டார்கள். 1217-இலும் 1225-இலும் மீண்டும் வெளியானது. 1225-இல் அதற்கு ஈடாக அரசருக்கு வரி கிடைத்தது. உரிமை கொடுத்தால் வரி என்ற பழக்கம் அங்கே படிப்படியாகப் பிடித்தது.

ஹென்றி வளர்ந்து, செலவு பெருகி, கடனில் மூழ்கினார். 1258-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரபுக்கள் கூடி, 15 பேர் கொண்ட அவை அரசருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், ஆண்டுக்கு மூன்று முறை நாடாளுமன்றம் கூட வேண்டும் என்று விதித்தார்கள். அரசர் பின்வாங்கினார். அதன் முடிவுதான் நான் தொடக்கத்தில் சொன்ன 1264 போர்.

அரசரைப் பிடித்த சைமன் என்ன செய்தார்? கோப்பெருஞ்சிங்கனைப் போலவே அவரும் அதிகாரத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டார். தம் மக்களுக்குக் கோட்டைகளைச் சேர்த்தார். அவரை நான் புனிதராக்க வரவில்லை. ஆனால் பிரபுக்களில் பலர் அவரை விட்டு விலகிய நிலையில் அவருக்கு ஆதரவு வேண்டியிருந்தது. 1265 ஜனவரியில் கூட்டிய நாடாளுமன்றத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இரண்டு வீரப்பெருமக்களோடு, நகரங்களிலிருந்தும் இரண்டு இரண்டு பேரை அழைத்தார். வணிகரும் தொழிலாளரும் வாழும் ஊர்களின் ஆட்கள் நாட்டு அவையில் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈவ்ஷாம் போரில் சைமன் கொல்லப்பட்டார். அரசர் ஹென்றி மீண்டார். சைமனைக் கொன்ற படையின் தலைவர் இளவரசர் எட்வர்ட். ஆனால் அந்த எட்வர்ட் அரசரான பின், 1295-இல், அவருக்கும் பணம் வேண்டியிருந்தபோது அதே முறையில் மாவட்ட ஆட்களையும் நகரத்து ஆட்களையும் அழைத்தார். பகைவர் தொடங்கிய வழக்கத்தை வென்றவர் தொடர்ந்தார். இதுதான் அந்நாட்டு வரலாற்றின் திருப்புமுனை.

அதன் பின் அங்கே அரியணைச் சண்டை நின்றதா? நிற்கவில்லை. 1327-இல் இரண்டாம் எட்வர்டும் 1399-இல் இரண்டாம் ரிச்சர்டும் இறக்கப்பட்டார்கள். லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு கிளைகள் 1455-இலிருந்து முப்பது ஆண்டுகள் ரத்தம் சிந்தி, 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்ட் விழுந்த பின்தான் அடங்கின. ஆனால் இரண்டாம் எட்வர்டை இறக்கியபோதும் இரண்டாம் ரிச்சர்டை இறக்கியபோதும் நாடாளுமன்றத்தின் முன்னால்தான் செய்ய வேண்டியிருந்தது. அரசரைத் தூக்கி எறிந்தவருக்கும் அந்த அவையின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. 1701-இல் அரியணைக்கு அடுத்தவர் யார் என்பதையே நாடாளுமன்றம் சட்டமாக எழுதியது.

விடை

இப்போது என் கேள்விக்கு விடை சொல்கிறேன். ஆங்கிலேயர் நம்மைவிட அறிவாளிகள் என்பதால் அது நடக்கவில்லை. அங்கே அரசரிடம் கேட்டு வாங்க வேண்டியது இருந்தது. அரசருக்கும் கொடுக்க வேண்டியவர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. இங்கே சோழர் கையில் இருந்த வரியும் காவலும் 1231-க்கு முன்பே குறுநில மன்னர் கைக்குப் போய்விட்டன. அரசரைச் சிறை வைத்தவருக்கு அந்த அரசரிடமிருந்து எதையும் எழுதி வாங்க வேண்டிய தேவையே இல்லை. ஊர்ச் சபையும் நாட்டாரும் நம்மிடம் ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தார்கள். உத்திரமேரூரில் குடவோலை முறை 920-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கல்லில் ஏறிவிட்டது. ஆனால் ஊரில் இருந்த அந்த ஒழுங்கு தலைநகரம் வரை ஏறவில்லை. ஊர் தன்னை ஆண்டது. அரசரைக் கேள்வி கேட்கும் அவை ஒன்று மேலே உருவாகவில்லை. இதுதான் இரண்டு சிறைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு.

விளைவு என்ன? சோழரை விழுங்கிய பாண்டியரும் அதே குழியில் விழுந்தார்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியனை 1310-இல் மகன் சுந்தர பாண்டியனே கொன்றதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். தந்தை மற்றொரு மகன் வீர பாண்டியனை விரும்பினார் என்பதே காரணம். அடுத்த ஆண்டு டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்தபோது இரண்டு சகோதரர்களும் ஒன்றாக நிற்கவில்லை.

இதோ நமக்கு மேலே நிற்கும் இந்த மலைக்கோட்டைக்கும் அதே கதை உண்டு. ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குச் சந்தா சாகிபும் அன்வருதீன் குடும்பமும் போட்டியிட, ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பின்னால் ஆங்கிலேயர் நின்றார்கள். 1749-இல் ஆம்பூரில் அன்வருதீனும் 1752-இல் திருச்சியை ஒட்டிச் சந்தா சாகிபும் மாண்டார்கள். சண்டை மட்டும் மாளவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி, மைசூர் ஹைதர் அலியின் உதவிக்கு விலையாகத் தியாகதுருகத்தை மைசூர்ப் படையிடம் ஒப்படைத்தார். சில வாரங்களில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே ஹைதரின் ஆளாக இருந்த காண்டே ராவ் அவருக்கு எதிராகத் திரும்ப, அந்தப் படை ஊருக்குத் திரும்பியது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிப்ரவரியில், நீண்ட முற்றுகைக்குப் பின், இந்தக் கோட்டை ஆங்கிலப் படையின் மேஜர் பிரெஸ்டனிடம் சரணடைந்தது. போட்டியில் வென்ற அன்வருதீன் மகன் நவாபு முகமது அலியா நாட்டை ஆண்டார்? அவர் பெயரில் ஆங்கிலேயக் கும்பினி ஆண்டது. சோழனை மீட்ட போசளர் கண்ணனூரில் உட்கார்ந்ததைப் போலவே நவாபை மீட்ட கும்பினி சென்னையில் உட்கார்ந்தது. அரியணைச் சண்டைக்கு வெளியாரை அழைத்த இவர்கள் அந்த அரியணையைத் தாமே ஆளவில்லை.

ஆனால் மக்கள் எப்போதும் வாய்மூடி இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1429-இல், விசயநகர அதிகாரிகளும் நிலக்காரரும் சேர்ந்து கொடுமையான வரி பிரித்தபோது, விருத்தாசலம், கொறுக்கை போன்ற ஊர்களில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்று கூடினார்கள். ஒருவரோடு ஒருவர் ஒட்டாதவர்கள் என்று பேர் பெற்ற இரு பிரிவினர் அவர்கள். எந்த நிலத்துக்கு எவ்வளவு வரி கொடுப்பது என்று தாங்களே வரையறுத்தார்கள். அநியாய வரி வாங்குகிறவருக்குத் துணை போக மாட்டோம், கணக்கு எழுதிக் கொடுக்க மாட்டோம் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். மாக்னா கார்ட்டாவைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இதையும் படிக்க வேண்டும். மாக்னா கார்ட்டா பிரபுக்கள் எழுதியது. இது குடிகள் எழுதியது.

என் கருத்தை முடித்துச் சொல்கிறேன். ஒரு நாட்டின் பெருமையை அதன் கோட்டைகளைக் கொண்டு அளக்க வேண்டாம். ஆட்சி மாறும் நாளில் ஓர் ஊர்கூட எரியவில்லை என்றால் அதுதான் பெருமை. 1231-இல் நம் நடுநாட்டுக்கு அந்தப் பேறு இல்லை. இன்று நமக்கு இருக்கிறது. வாக்கால் ஆட்சி மாறுகிறது; தோற்றவர் வீட்டுக்குப் போகிறார்; மறுநாள் காலையில் உழவர் வயலுக்குப் போகிறார். எத்தனை தலைமுறை இதற்காக ரத்தம் கொடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பேற்றைக் காப்பாற்ற உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். சேந்தமங்கலம் ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கும் திருவயிந்திரபுரத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தக் கல்லெழுத்தைக் காட்டுங்கள். திருப்பணி என்ற பெயரில் யாரும் அதன் மேல் சுண்ணாம்பு அடிக்கவோ மணல் பீச்சித் தேய்க்கவோ விடாதீர்கள். இரண்டாவது, உங்கள் ஊரில் கிராம சபை கூடும் நாளில் தவறாமல் போய் உட்காருங்கள். பேரேட்டில் கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தை முழுவதும் படியுங்கள், கணக்கைக் கேளுங்கள்.